பிள்ளைக்காக வேலையை விடுவது: காரைக்குடிப் பக்கத்துக் கணக்கு

திண்ணைப்பேச்சு
இந்த இழையில் ஒரே விஷயம்தான். பிள்ளை பெற்ற பெண்கள் வேலையை ஏன் விடுறாங்க, விடலாமா வேண்டாமான்னு எதை வச்சு முடிவு பண்றது. "அம்மா வீட்ல இருந்தாத்தான் பிள்ளை தேறும்", "படிச்ச படிப்பு வீணாப் போச்சு" ரெண்டு வசனமும் கல்யாணப் பந்தியிலேயே வேண்டிய மட்டும் கிடைக்குது, இங்கே வேண்டாம். சொந்தக் கதையும் வேண்டாம். விதி, தொகை, நேரம், எங்கே இடறும், ஏன் இடறும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் வட்டாரத்துக்குப் பொருந்தணும். தெருவுக்குத் தெரு காப்பகம் இருக்கிற பட்டணத்து யோசனை நமக்கு ஆகாது.

சம்பளச்சீட்டு
"ஏன் விடுறாங்க"ன்னு கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. "எப்ப விடுறாங்க"ன்னு பாருங்க, காரணம் தானா வெளியே வரும். பிரசவத்தன்னைக்கு யாரும் ராஜினாமா எழுதுறதில்லை. விடுப்பு முடிஞ்சு திரும்புற வாரம், பிள்ளையைப் பார்த்துக்கிட்ட ஆள் நின்னுபோற மாசம், எல்.கே.ஜி சேர்க்கிற ஜூன், ரெண்டாவது பிள்ளை. பெரும்பாலும் இந்த நாலு இடத்துலதான்.

முதல் இடத்துக்குக் காரணமே பல பேருக்குத் தெரியாது. 1961 மகப்பேறு நலச் சட்டத்துல 2017 திருத்தம் வந்தப்புறம் முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. அதுல அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். வளைகாப்பு போட்டுத் தாய் வீட்டுக்குப் போறப்பவே 8 வாரத்தையும் எடுத்துட்டா, பிறந்தப்புறம் மிச்சம் 18 வாரம், அதாவது 126 நாள். பிள்ளைக்கு 4 மாசம் முடிஞ்ச கையோட வேலைக்குத் திரும்பணும். டாக்டர் 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு சொல்லுவார். நடுவுல கிடக்கிற அந்த ரெண்டு மாசத்துலதான் ராஜினாமா எழுதப்படுது. உடம்பு ஒத்துழைச்சு டாக்டரும் சரின்னு சொன்னா, முன்னாடி எடுக்கிறதை 2, 3 வாரமாக் குறைச்சு மிச்சத்தைப் பின்னாடி தள்ளுங்க. இதுக்கு முதலாளி தயவு வேண்டாம், விண்ணப்பத்துல தேதியைச் சரியா எழுதினா போதும்.

தகுதி: பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருக்கணும். கடை, அலுவலகம் மாதிரி இடம்னா 10 பேருக்குக் குறையாம இருக்கணும். 50 பேர் இருந்தா காப்பக வசதி கட்டாயம், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம். பிள்ளைக்கு 15 மாசம் ஆகிறவரை பாலூட்ட ரெண்டு இடைவேளை தனியா உண்டு.

வளவுவாசல்
ரெண்டாவது இடத்தைப் பத்தி நான் சொல்றேன். நம்ம பக்கத்துல காப்பகம்னாலே அப்பத்தாவும் ஆயாவும் (அம்மாவோட அம்மா)தான். வெளியூர்க்காரங்க நம்ம வீட்டைப் பார்த்ததும், முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டுன்னு இம்புட்டுப் பெரிய வீட்டுல பிள்ளையைப் பார்க்க ஆளா இல்லைன்னு கேட்பாங்க. வீடுதான் பெருசு. நகரத்தார் வீட்டுல கல்யாணமானா வேறு வைக்கிறதுங்கிறது பழைய முறை. ஒரே வளவுக்குள்ள அடுப்பு தனி, புள்ளி (குடும்பக் கணக்கு) தனி. மத்த சமூகத்துலயும் இப்ப அப்படித்தான் ஆகிப்போச்சு. மாமியார் ஒரே வீட்டுல இருக்கிறதும் பிள்ளையைத் தினமும் 9 மணி நேரம் வச்சுக்கிறதும் ஒண்ணு இல்லை.

அதனால் பெரியவங்களை நம்பி முடிவெடுக்கிறவங்க வயசைக் கேட்காதீங்க, வேலையைக் கேளுங்க. தவழுற பிள்ளை பின்னாடி குனிஞ்சு ஓட முடியுமா, முழங்கால் எப்படி. வளவுல இறங்குற படியும் மாடிப்படியும் கதவடைக்க முடியாத இடம், தவழுற வயசுக்குள்ள மரத்தடுப்பு போட்டாச்சா. சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரையைப் பிள்ளை கைக்கு எட்டாம வைக்கிற பழக்கம் இருக்கா. இன்னொண்ணு, கோயில், கேதம், செய்முறைன்னு வருஷத்துல அவங்களுக்கு எத்தனை நாள் வெளியே போற வேலை இருக்குன்னு முன்கூட்டியே கேட்டு எழுதி வச்சுக்கணும். ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம்), ஒரு படைப்பு (முன்னோருக்குப் படையல்), தை மாசத்துல பழனி பாதயாத்திரை வந்தாலே இரண்டு வாரம் காலி. அந்த ரெண்டு வாரத்துக்கு மாற்று ஆள் இல்லாத ஏற்பாடு ஏற்பாடே இல்லை.

பார்த்துக்கிட்ட பெரியவங்களுக்குக் காசு கொடுக்கக் கூச்சப்படுறோம். மாசாமாசம் ஒரு தொகையை அவங்க கணக்குல போட்டுடுங்க. கூலின்னு சொல்ல வேண்டாம். சும்மா வாங்குற உதவி ஒரு நாள் சொல்லாம நிக்கும், நின்ன அன்னைக்குக் கேட்கவும் நமக்கு வாய் இருக்காது.

பால்கணக்கு
வேலைக்குத் திரும்பும் பெண்களுக்குப் பால் விஷயத்தில் ஏற்படும் தடுமாற்றம்தான் முதல் வாரத்தை உடைக்கிறது. எடுத்து வைத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும் என்பார்கள். அது 25 டிகிரிக்கான கணக்கு. சித்திரை வெயிலில் காரைக்குடி அறை 25 டிகிரியில் இருக்காது, அந்த 4 மணி நேரத்தை நம்பாதீர்கள். எடுத்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், கதவுப் பக்கம் அல்ல, உள்தட்டில். 4 நாள் தாங்கும். உறைபெட்டியில் 6 மாதம். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால், உறைந்த ஐஸ் பொட்டலங்களோடு மூடிய குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வைக்கலாம். சூடாக்கக் கொதிக்கும் நீர் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் புட்டியை நிறுத்தினால் போதும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். பெரியவர்களுக்கு மனசு வராத இடம் இதுதான், முன்பே சொல்லி வையுங்கள்.

வேலை நேரத்தில் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், அடுத்த வாரமே சுரப்பு குறையும். "பால் வற்றிவிட்டது, அதனால் வேலையை விடுகிறேன்" என்பதில் பாதி, இடைவேளை கேட்கக் கூச்சப்பட்டதன் விளைவு. கழிப்பறையில் நின்று எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாழ்ப்பாளும் நாற்காலியும் உள்ள சரக்கறை போதும்.

அடுத்தது காய்ச்சல். சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டில் 6 முதல் 8 தடவை சளிக்காய்ச்சல் வருவது இயல்பு. காப்பகத்துக்கோ பால்வாடிக்கோ போகத் தொடங்கும் முதல் ஆண்டில் இன்னும் கூடும். தடவைக்கு 2 நாள் என்று வைத்தாலும் 12 முதல் 16 நாள். இது பிள்ளையின் பலவீனமும் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை. தவிர 6, 10, 14 வாரத்திலும், 9 மாதத்திலும், 16 மாதத்துக்குப் பிறகும் தடுப்பூசி. சுகாதார நிலையத்தில் ஊசி நாள் புதன்கிழமை. அரை நாள் விடுப்புகளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடலாம்.

சம்பளச்சீட்டு
பால்கணக்கு சொன்ன 12 முதல் 16 நாளைச் சட்டத்தோட பக்கத்துல வச்சுப் பாருங்க. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு 12, நோய் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 12. நோய் விடுப்பு அவங்க உடம்புக்குத்தான். ஆக, பிள்ளைக் காய்ச்சலே தற்செயல் விடுப்பு 12 நாளையும் முழுங்கிடும். ஈட்டிய விடுப்பும் தீர்ந்தா, அதுக்கப்புறம் எடுக்கிற ஒவ்வொரு நாளும் சம்பளப் பிடித்தம், மேலாளர் முகச்சுளிப்பு. "நானே வேலையை விட்டுட்டேன்"னு கடிதத்துல இருக்கும், உண்மையில விடுப்பு தீர்ந்த மறுநாள்தான் விட வைக்குது.

இதுக்கு ஒரே மருந்து காய்ச்சல் நாளை அப்பாவும் பாதி எடுக்கிறது. 14 நாளை 7, 7ஆப் பிரிச்சா ரெண்டு பேர் கணக்கும் மூழ்காது. முறை வச்சுப் பிரிங்க, "யாருக்கு அன்னைக்கு வேலை குறைச்சலோ அவங்க"ன்னு விட்டா எப்பவும் அம்மாவுக்குத்தான் வேலை குறைச்சலா இருக்கும். மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யிற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் செலவிடுறது சராசரி 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். பிள்ளை பராமரிப்பு இதுல சேரலை, அது தனி. அந்த இடைவெளிக்கு ஈடுகொடுத்துத்தான் 8 மணி நேரம் வேலை பார்க்கிறாங்க.

ஓலைக்கொட்டான்
எல்லாம் சரி. 9,000, 10,000 சம்பளத்துக்கு ஜவுளிக்கடையில நாள் முழுக்க நிக்கிறதுக்கு வீட்டுல இருந்து பலகாரம் போடலாமே? தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாத்துக்கும் வெளிநாடு வரைக்கும் கிராக்கி. நம்ம ஊர்ப் பெண்களுக்கு வேலையை விடுறது நஷ்டம்னு ஏன் பேசணும்?

வளவுவாசல்
கிராக்கி இருக்கு, மறுக்கலை. ஆனா பலகாரம் பிள்ளை வளர்ப்புக்கு மாற்றுன்னு நினைக்கிறது ஆபத்து. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி, தரையில அடுப்பு, தவழுற பிள்ளை, மூணும் ஒரே கட்டுல இருக்கக் கூடாது. தவழ ஆரம்பிச்சதுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் பிள்ளையை வேற ஆள் பார்த்தாத்தான் சட்டியை ஏத்தலாம். அப்ப ஆள் பிரச்சினை அப்படியே இருக்கு, இடம்தான் மாறுது.

கணக்கும் சொல்றேன். சின்ன அளவு வியாபாரம்னா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அடிப்படைப் பதிவு போதும். பொட்டலத்து மேல 14 இலக்கப் பதிவெண், சேர்மானம், தயாரித்த தேதி, எடை இருக்கணும். தேன்குழலுக்கு 4 பங்கு பச்சரிசி, 1 பங்கு வறுத்த உளுந்து. வெண்ணெய் கூடினா எண்ணெய் குடிச்சு உதிரும், குறைஞ்சா பல்லை உடைக்கும். வீட்டுக்குச் செய்யிறப்ப இது சிரிச்சுட்டுப் போற விஷயம், ஆர்டருக்குச் செய்யிறப்ப 10 கிலோ திரும்பி வரும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது, விதி வேற இருக்கு. ஆடி, தீபாவளி, தை முகூர்த்தத்துல ராப்பகலா வேலை, நடுவுல ரெண்டு மாசம் ஆளில்லாத கடை மாதிரி. மாசச் சம்பளத்தை விட்டுட்டு வர்றவங்க இந்த ஏத்த இறக்கத்தை மறந்துடுறாங்க. ஓலைக் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னுறது தேவலை, நினைச்சப்ப கீழே வைக்கலாம், சுடாது. ஆனா எண்ணிக்கைக் கூலி.

ஓலைக்கொட்டான் தம்பி சொன்ன ஜவுளிக்கடைக்கு இன்னொரு வரி. உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாடு 2021லயே சட்டம் திருத்தியாச்சு. பெண்ணை எழுத்துமூலச் சம்மதம் இல்லாம இரவு 8 மணிக்கு மேல வேலை வாங்கக் கூடாது. தீபாவளி சீசன்ல பிள்ளைக்காரி வேலையை விட்டுப் போறதுக்குக் காரணம் சம்பளம்னு நினைக்கிறாங்க, காரணம் 8 மணிக்கு மேல ஓடுற அந்த ரெண்டு மணி நேரம்.

கரும்பலகை
நம் வட்டாரத்தில் படித்த பெண்களுக்கு அதிகம் கிடைக்கும் வேலை தனியார் பள்ளி. பிள்ளையும் அதே பள்ளி, அதே நேரம், கட்டணச் சலுகை. அதனாலேயே குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிக்கிறார்கள். அங்கே நடக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு ஜூனில் புதிதாகச் சேர்ப்பது. இதைச் செய்தால் பேறுகால விடுப்பு தர வேண்டியதில்லை என்று நிர்வாகம் நினைக்கிறது. நடக்காது. 12 மாதத்தில் 80 நாள் என்பதுதான் தகுதி. ஜூன் முதல் ஏப்ரல் வரை வேலை பார்த்தவருக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். பாதிக்கப்படுவது பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஏனென்றால் அதற்குத் தொடர்ச்சியான 5 ஆண்டு வேண்டும்.

ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை கிடையாது என்று இன்னும் சொல்கிறார்கள். 2009 திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது, 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனவே 4 ஆண்டு முடித்துவிட்டு வேலையை விட நினைக்கும் ஆசிரியை, முதலில் தேதியை எண்ண வேண்டும். பேறுகால விடுப்பு நாட்களும் பணிக்காலத்தில் சேரும்.

விடுவதென்று முடிவானால் இடைவெளியில் ஆசிரியர் தகுதித் தேர்வை முடித்துவிடுங்கள். அந்தச் சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும். பிள்ளைக்கு 5 வயதாகும்போது திரும்ப வர அது ஒரு சாவி.

கண்டனூர்ரோடு
ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன். மொத்தச் சம்பளம் 24,000, அதுல அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000, கைக்கு வர்றது 22,200. பிள்ளை பார்க்க ஆள் வச்சா 8,000. காரைக்குடி செக்காலையிலேர்ந்து தினமும் தேவகோட்டை போய்வர வண்டிச் செலவு. மிஞ்சுறது ஒண்ணுமில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க.

சம்பளச்சீட்டு
"எல்லாரும்" போடுற கணக்கை முதல்ல போடுவோம். 22,200ல ஆள் 8,000, பெட்ரோல் 2,000, வெளியே வாங்குற சாப்பாடு, துணிமணி 1,700. மிச்சம் 10,500. "இதுக்கா இவ்வளவு பாடு"ன்னு அங்கேயே நிறுத்திடுவாங்க.

இப்ப விட்டுப்போனதைச் சேருங்க. 15,000க்கு 12 சதவீதம் 1,800 உங்க பங்கு பி.எஃப். முதலாளி பங்கு இன்னொரு 1,800, அதுல 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கு, 550 உங்க பி.எஃப் கணக்குக்கு. பணிக்கொடை மாசத்துக்கு 721 ரூபாய் சேருது (15,000 x 15 ÷ 26 ÷ 12). ஆக மாசத்துக்கு 14,821. கம்பெனி குழுக் காப்பீடு இருந்தா அது தனி. 5 வருஷம் முடிச்சா பணிக்கொடை மட்டும் 43,269.

அடுத்த தப்பு, 8,000ஐ அம்மா சம்பளத்துல மட்டும் கழிக்கிறது. பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே? பாதிப் பாதியாப் போட்டா அம்மா பக்கம் மிஞ்சுறது இன்னும் 4,000 கூடும். இதுல மனக்கணக்கு ஒண்ணும் இல்லை, வீட்டு வரவு செலவு ஒண்ணுதான். ஆனா கழிக்கிற இடத்தை வச்சுத்தான் யார் வேலையை விடணும்னு முடிவாகுது.

மூணாவது, ஆள் செலவு 3, 4 வருஷத்துக்குத்தான். சம்பளம் கூடிக்கிட்டே போகும். இந்த வருஷத்து மிச்சத்தை மட்டும் பார்த்து 25 வருஷத்து வருமானத்தைக் கழிக்கக் கூடாது.

சம்பளம் 21,000க்குள்ள இருக்கிறவங்களுக்கு இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. உங்க பங்கு 0.75 சதவீதம், 20,000க்கு 150 ரூபாய்தான். முந்தின ரெண்டு பங்களிப்புக் காலத்துல 70 நாள் சந்தா இருந்தா 26 வாரப் பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐயே கொடுக்கும், முதலாளி கையைக் கடிக்காது. நடுவுல சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் முடியிறவரை காப்பு தொடரும். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச்.

கண்டனூர்ரோடு
பணம் மிஞ்சுதுன்னே வைங்க. நேரம் மிஞ்சலையே ஆச்சி?

வளவுவாசல்
அதான் உண்மையான கேள்வி. ஒரு தாள் எடுத்துக் காலை 6 மணிலேர்ந்து ராத்திரி 9 வரை அரை மணி அரை மணியாக் கோடு போடுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் பிள்ளை யார் கையில இருக்குன்னு பேர் எழுதுங்க. "வீட்ல" அப்படின்னு எழுதக் கூடாது, ஆள் பேர். பேர் இல்லாம கிடக்கிற கட்டம் எதுன்னு பாருங்க. நம்ம ஊர்ல அனேகமா சாயங்காலம் 3:30லேர்ந்து 6:30 வரைதான் காலியாக் கிடக்கும். பள்ளிக்கூட வேன் இறக்கிவிட்டுடும், அலுவலகம் முடிஞ்சிருக்காது, தேவகோட்டை பஸ் இன்னும் வழியில தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டியிருக்காது.

மூணு மணி நேரத்து ஓட்டையை அடைக்க 9 மணி நேர வேலையை விடுறோம். அந்த மூணு மணி நேரத்துக்கு மட்டும் ஆள் தேடுறது சுலபம், செலவும் குறைவு. ஓய்வு பெற்ற டீச்சரம்மா இல்லாத தெரு உண்டா? பால்வாடியை முழுநாள் காப்பகமா நினைக்காதீங்க, 2 வயசுக்கு மேலதான் உட்கார வைப்பாங்க, சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கவும் மாட்டாங்க. அந்தப் பகல் நேரத்தை அது அடைச்சா மிச்சத்துக்கு ஆள்.

ஏப்ரல் மே விடுமுறைக்குத் தனித் தாள் போடணும். வருஷம் முழுக்கச் சமாளிச்சுட்டு மே மாசத்துல வேலையை விடுறவங்க இருக்காங்க.

இரண்டாங்கட்டு
வீட்டிலிருந்து கணினி வேலை பார்க்கலாம் என்று சென்னையிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 2017 திருத்தமே, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்த பின் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை முதலாளியும் பணியாளரும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறது. உரிமை இல்லை, ஒப்பந்தம். வாய்ப் பேச்சாக விடாமல் எத்தனை மாதம், எந்த நேரம், மாதத்துக்கு எத்தனை நாள் அலுவலகம் என்று மின்னஞ்சலில் வாங்குங்கள். மேலாளர் மாறினால் வாய்ப் பேச்சு காற்றோடு போகும்.

நம் வீட்டுச் சுவர் கனத்தில் வைஃபை முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு வராது. ரூட்டரை முகப்பில் மாட்டிவிட்டு இணைப்பு சரியில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுவதில் பயனில்லை. லேன் கம்பியை உள்ளே இழுத்து, வேலை பார்க்கும் அறையில் இன்னொரு ரூட்டர் வையுங்கள். மின்தடைக்கு இன்வெர்ட்டர், இரண்டாவது நிறுவனத்து சிம்.

முக்கியமானது: வீட்டிலிருந்து வேலை என்பது பிள்ளை பார்க்கும் ஏற்பாடு இல்லை. 8 மாதக் குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் வேலையை முடிக்க முடியும் என்று நம்பி ஆள் வைக்காதவர்கள் 3 மாதத்தில் வேலையையும் விடுகிறார்கள், இடுப்பையும் உடைத்துக்கொள்கிறார்கள். ஆள் வேண்டும், அறைக்குக் கதவும் வேண்டும். பத்தியில் (தாழ்வாரத்தில்) உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தால் வருகிற விருந்தாளிக்கெல்லாம் காப்பி போட எழுந்திருக்க நேரிடும்.

கரும்பலகை
அரசுப் பணியாளர்கள் இந்தக் கட்டத்தில் வேலையை விடுவது அரிது என்பதையும் கவனியுங்கள். மாநில அரசின் நிரந்தரப் பணியாளருக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற மத்திய அரசு நிறுவனத்தில் இருப்பவருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள், முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, ஆண்டுக்கு 3 தவணைக்குள் பிரித்து எடுக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக்கூட எடுக்கிறார்கள். அதே ஊர், அதே மாமியார், அதே சாயங்கால பஸ். விடுப்பு வேறு என்பதால் முடிவு வேறாகிறது. அப்படியிருக்க, தனியார் வேலைப் பெண் விட்டால் மட்டும் "அவளுக்கு இஷ்டமில்லை" என்று ஏன் சொல்கிறோம்?

ஓலைக்கொட்டான்
அப்ப யாரும் விடவே கூடாதுங்கிறீங்களா?

பால்கணக்கு
இல்லை. குறைமாதப் பிள்ளை, வளர்ச்சிப் பயிற்சிக்கு வாரம் 3 நாள் போக வேண்டிய பிள்ளை, பிரசவத்துக்குப் பின் தாய்க்கு மனச்சோர்வு தொடர்வது, பார்த்துக்கொள்ளும் ஆளிடம் பிள்ளை பாதுகாப்பாக இல்லை என்ற சந்தேகம். இவற்றில் தாளும் கோடும் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் சம்பளமில்லா விடுப்பு 3 மாதம் கேளுங்கள், மறுத்தால் விடுங்கள். ஒன்று மட்டும். மனச்சோர்வின் உச்சத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, பிள்ளை மேல் ஒட்டாமை இருந்தால் மருத்துவரைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கிய பிறகு யோசிக்கலாம்.

சம்பளச்சீட்டு
நானும் விடவே கூடாதுன்னு சொல்லலை. சம்பளம் 9,000, ஆள் செலவு 8,000, பி.எஃப் கிடையாது, கடையில 10 பேர்கூட இல்லைன்னா கணக்கு விடுற பக்கம்தான் சாயும். விட்டா முறையா விடுங்கன்னுதான் சொல்றேன்.

விடுறதுக்கு முன்னாடி 3 மாசம் ஒரு சம்பளத்துல குடும்பம் நடத்திப் பாருங்க, இன்னொரு சம்பளத்தை அப்படியே ஆர்.டியில போடுங்க. வீட்டுக் கடன் ரெண்டு பேர் வருமானத்தை வச்சு வாங்கினதா இருந்தா இங்கேயே தெரிஞ்சுடும். கடிதத்துல "சொந்தக் காரணம்"னு ஒரு வரி போதும். பேறுகால விடுப்புல இருக்கிறப்ப வேலையை விட்டு நீக்குறது சட்டப்படி குற்றம். ஆனா நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா அந்தக் காப்பு போச்சு. "எழுதிக் கொடுங்க, அப்புறம் சேர்த்துக்கிறோம்"னு சொன்னா எழுதாதீங்க, சிவகங்கையில தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்க. "திரும்பி வரலைன்னா விடுப்புச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டணும்"னு முன்னாடியே கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம். சட்டம் கொடுத்ததைக் குறைக்கிற ஒப்பந்தம் செல்லாது.

கடைசி நாள் கையில வாங்க வேண்டியது: ரிலீவிங் கடிதம், அனுபவச் சான்று, கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, கணக்கு முடிச்ச தாள். படிவம் 16 நிதியாண்டு முடிஞ்சுதான் வரும், அதை அனுப்பச் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துட்டு வாங்க, அலுவலக முகவரி மறுநாளே பூட்டிடும். குழுக் காப்பீட்டை அதே கம்பெனித் தனிப் பாலிசியா மாத்த முடியுமான்னு கடைசி நாளுக்கு முன்னமே கேளுங்க. விட்டப்புறம் புதுசா வாங்கினா காத்திருப்புக் காலம் முதல்லேர்ந்து ஓடும், ரெண்டாவது பிள்ளை யோசனை இருந்தா இது பெரிய அடி.

கண்டனூர்ரோடு
பி.எஃப் பணத்தை எடுத்து நகைக் கடனை அடைச்சுடலாம்னு இருக்கிறவங்களுக்கு?

சம்பளச்சீட்டு
அவசரம் இல்லைன்னா தொடாதீங்க. சந்தா நின்னாலும் வட்டி ஓடும். 5 வருஷச் சேவைக்கு முன்னாடி எடுத்து, தொகை 50,000ஐத் தொட்டா பான் இருந்தாலும் பொதுவா 10 சதவீதம் வரி பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுப்பாங்க. விட்டப்புறம் சேர்ற வட்டிக்கு வரி உண்டு, அதையும் மனசுல வச்சுக்கணும்.

இதைவிடப் பெரிய தப்பு ஓய்வூதியப் பங்கை எடுக்கிறது. ஓய்வூதியத்துக்கு 10 வருஷச் சேவை வேணும். 6 வருஷம் பார்த்துட்டு விடுறவங்க படிவம் 10சி கொடுத்துப் பணமா வாங்கிட்டா அந்த 6 வருஷம் அழிஞ்சுடும். அதே படிவத்துல திட்டச் சான்றிதழ்னு ஒரு தேர்வு இருக்கு, அதைக் கேட்டு வாங்கி வைங்க. பிள்ளை பள்ளிக்கூடம் போனப்புறம் 4 வருஷம் வேலை பார்த்தா 6ம் 4ம் சேர்ந்து 10.

யூ.ஏ.என் (பி.எஃப் கணக்கு எண்) பக்கத்துல வேலையை விட்ட தேதி ஏறியிருக்கான்னு பாருங்க. கம்பெனி ஏத்தலைன்னா, கடைசிச் சந்தாவுக்கு 2 மாசம் கழிச்சு ஆதாரோட இணைச்ச செல்பேசி எண்ணை வச்சு நாமே ஏத்தலாம். தப்பான தேதி ஏறிட்டா மாத்துறது பெரும் பாடு, ரிலீவிங் கடிதத்துல இருக்கிற அதே தேதிதான் இருக்கணும்.

வளவுவாசல்
இன்னொண்ணு. வேலையை விட்டதும் பெண் பேர்ல சேர்ந்துக்கிட்டிருந்த 3,600 நின்னுபோகுது, அதை யாரும் பேசுறதில்லை. வீட்டுக்காரர் அந்தத் தொகையை மாசாமாசம் மனைவி பேர்ல பி.பி.எஃப்ல (பொது வருங்கால வைப்பு நிதி) போடட்டும். வருஷத்துக்கு 500 ரூபாய்க்குக் குறையாம, ஒன்றரை லட்சத்துக்கு மிகாம, 15 வருஷக் கணக்கு. வட்டிக்கு வரி கிடையாது. பேங்க்ல எஃப்.டியாப் போட்டா அந்த வட்டி கணவர் வருமானத்தோட சேர்ந்துடும்.

கண்டனூர்ரோடு
தாள்ல கோடு போட்டாச்சு. 4லேர்ந்து 6:15 வரை பேர் இல்லை. சனிக்கிழமையும் இல்லை.

வளவுவாசல்
அப்ப 4லேர்ந்து 6:30க்கு ஒரு ஆள், அவங்க வராத நாளைக்கு இன்னொரு ஆள், ரெண்டு பேர் செல் நம்பரும் அப்பா கைப்பேசியிலயும் இருக்கணும். முதல் 3 நாள் நீங்க வீட்டுல இருக்கிறப்பவே ஒரு மணி நேரம் வரச் சொல்லுங்க, அடுத்த வாரம் நீங்க வெளியே போங்க. சனிக்கிழமை அப்பா பாடு. விடுப்பு முடியிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தொடங்கிடுங்க, திங்கட்கிழமை வேலைக்குப் போற அன்னைக்கு ஆளை அறிமுகப்படுத்தாதீங்க.